18650: பெட்டிக்குள் இருக்க வேண்டியது பாக்கெட்டுக்கு வந்த கதை

18650 என்று பார்த்ததும் ரயில் நம்பர் என்று நினைத்தவர்கள் கை தூக்கலாம். ஊருக்குப் போக டிக்கெட் தேடித் தேடி நமக்கெல்லாம் ஐந்து இலக்க எண்ணைப் பார்த்தாலே அந்த நினைப்புதான் வரும் :-)

இது ரயில் இல்லை, ஒரு பேட்டரி செல்லின் பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவம் என்பதற்கு. எடை சுமார் 45 கிராம். நம் வீட்டு டார்ச்சில் போடும் பென்சில் செல்லைக் கொஞ்சம் சாப்பிட வைத்துக் குண்டாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் உள்ளே ஆறோ எட்டோ இருக்கும். பல பவர் பேங்குகளில் உண்டு. டெஸ்லா 2008-ல் விற்க ஆரம்பித்த முதல் காரான ரோட்ஸ்டரில் 6,831 செல்கள் இருந்தன.

புனேயில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அதனால் சொந்தபந்தத்தில் யாருக்கு சார்ஜர் ரிப்பேர் ஆனாலும், இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தினாலும் எனக்குத்தான் போன் வரும். போன மாதம் மான்செஸ்டரில் மேற்படிப்பு படிக்கும் அக்கா பையனிடமிருந்து ஒரு மெசேஜ். "மாமா, 18650 பேட்டரியில எது சேஃப்? ரெண்டு வாங்கணும். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

கடைசி வரியைப் படித்ததும் எதற்கு என்று விளங்கிவிட்டது. டார்ச்சுக்கு பேட்டரி வாங்க அம்மாவிடம் ஏன் மறைக்க வேண்டும்? பயலுக்கு வேப் பழக்கம் வந்திருக்கிறது. "டேய் மாப்ளே" என்று ஆரம்பித்து இரண்டு பாரா திட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திட்டினால் பழக்கம் விடும் என்ற உத்தரவாதம் இல்லை, நான் பதில் சொல்லாவிட்டால் கடையில் கண்டதை வாங்குவான் என்பது மட்டும் நிச்சயம். ஆகவே பதிலையும் எழுதினேன். எந்தச் செல் சேஃப் என்ற கேள்விக்கு ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லிவிட்டால் அவனுக்குப் புரியாது. அந்தச் செல் வந்த வழியைச் சொன்னால்தான் புரியும். அவனுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் வீடுகள் நம்மில் நிறைய என்பதால்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இ-சிகரெட் தடை செய்யப்பட்ட பொருள். கர்நாடகம் 2016-லும் தமிழ்நாடு 2018-லும் தனியாகத் தடை போட்டன. பிறகு 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அந்த டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை மாட்டினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. லீவுக்கு வரும்போது பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். பிரிட்டனில் அது சட்டப்படி விற்கும் பொருள். அதனால்தான் இந்தக் கதை.

எரிந்துகொண்டே வந்த ஆரம்பம்

எழுபதுகளில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, எண்ணெய்க் கம்பெனியான எக்ஸானிலேயே பேட்டரி ஆராய்ச்சி நடந்தது. அங்கே ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்ஃபைடை ஒரு பக்கமும் லித்தியம் உலோகத்தை மறுபக்கமும் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய செல்லை உருவாக்கினார். 1976-ல் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. லித்தியம் எடை குறைந்த உலோகம், வீரியம் அதிகம். பிரச்னையும் அந்த வீரியம்தான். சார்ஜ் ஏற ஏற லித்தியம் சமமாகப் படியாமல், மரக்கிளை மாதிரி ஊசி ஊசியாக வளரும். ஒரு ஊசி நடுவில் உள்ள தடுப்பைத் துளைத்து எதிர்ப்பக்கம் தொட்டுவிட்டால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீ பிடிக்கும்.

இந்த லித்தியம் உலோகச் செல்லைத் துணிந்து கடைக்குக் கொண்டுவந்தது கனடாவின் மோலி எனர்ஜி. 1989-ல் ஜப்பானில் அந்த பேட்டரி போட்ட செல்போன் தீப்பிடித்தது. எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாகி, கம்பெனி நொடித்துக் கைமாறியது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

அதற்கு முன்பே வேறொரு வழி தயாராகிக்கொண்டிருந்தது. 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டுபிடித்தது. 1985-ல் ஜப்பானில் அசாஹி கசேயின் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தையே தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் கார்பனை வைத்தார். லித்தியம் அயனியாக மட்டும் அங்கும் இங்கும் போய்வரும், உலோகமாகத் தனியே இருக்காது. லித்தியம் அயன் பேட்டரி என்பதன் பெயர்க்காரணமே இதுதான்.

யோஷினோ செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன் பேட்டரியின் மேல் கனமான இரும்புக் கட்டியைப் போட்டார், ஒன்றும் ஆகவில்லை. லித்தியம் உலோக பேட்டரியின் மேல் போட்டார், பயங்கரமாக வெடித்தது. அதாவது, இந்த பேட்டரி உலகத்துக்கு வந்ததே 'எவ்வளவு சார்ஜ் நிற்கும்' என்ற கேள்விக்குப் பதிலாக இல்லை, 'நசுக்கினால் எரியுமா' என்ற கேள்விக்குப் பதிலாக. 1991-ல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விட்டிங்ஹாம், குடினஃப், யோஷினோ மூவருக்கும் 2019 அக்டோபரில் வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டது. நம் அரசு இ-சிகரெட்டைத் தடை செய்து அப்போது சரியாக மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தற்செயல்தான், ஆனாலும் சொல்லத் தோன்றியது.

காவல்காரர்கள்

ஒன்றும் ஆகவில்லை என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. செல்லுக்குள் இருக்கும் திரவம் எரியக்கூடியது. சூடு ஒரு அளவைத் தாண்டினால் உள்ளே நடக்கும் வேதிவினை இன்னும் சூட்டைக் கிளப்பும், அந்தச் சூடு வினையை இன்னும் வேகப்படுத்தும். தெர்மல் ரன்அவே என்பார்கள். நம் பாஷையில் தறிகெட்ட சூடு என்று வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை ஆரம்பித்தால் வெளியிலிருந்து ஸ்விட்சை அணைத்து நிறுத்த முடியாது.

அதனால் பேட்டரி செய்பவர்கள் அடுக்கடுக்காகக் காவல் போட்டார்கள். நடுவில் உள்ள பிளாஸ்டிக் தடுப்பு, சுமார் 130 டிகிரியில் தன் துளைகளை அடைத்துக்கொண்டு அயனிகளை நிறுத்தும். உள்ளே வாயு அழுத்தம் ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு தகடு உண்டு. அதையும் மீறினால் வாயு வெளியேற மேல்மூடியில் ஒரு வழி. சில செல்களில் கரண்ட் அதிகமானால் அடைத்துக்கொள்ளும் ஒரு வளையமும் இருக்கும். இதெல்லாம் செல்லுக்குள்.

செல்லுக்கு வெளியே இருப்பதுதான் முக்கியமான காவல், ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. 4.2 வோல்ட் வந்ததும் சார்ஜ் நிற்க வேண்டும். ரொம்பவும் இறங்கினால் பேட்டரி தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். ஷார்ட் ஆனால் உடனே துண்டிக்க வேண்டும். லேப்டாப் பேட்டரியானாலும் டிரில் மெஷின் பேட்டரியானாலும் செல்களோடு இந்த போர்டையும் சேர்த்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித்தான் நம் கையில் கொடுத்தார்கள். நாம் தொடுவது பெட்டியை. செல்லை நாம் கண்ணால் பார்க்கவே வேண்டியதில்லை.

இத்தனை காவலும் தோற்ற சந்தர்ப்பங்கள் உண்டு. 2006 ஆகஸ்டில் டெல் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அடுத்து ஆப்பிள் 18 லட்சம். செல்கள் சோனியுடையவை, தயாரிப்பின்போது உள்ளே புகுந்த உலோகத் துகள்கள்தான் காரணம். மற்ற கம்பெனிகளையும் சேர்த்தால் எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கியது. அடுத்த வருஷம் நோக்கியா. பிஎல்-5சி ஞாபகம் இருக்கிறதா? 2007 ஆகஸ்டில், மாட்சுஷிடா செய்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் போடும்போது சூடாகலாம் என்று அறிவிப்பு வந்தது. நம்மில் பாதிப் பேர் கையில் அப்போது நோக்கியாதான். பேட்டரியைக் கழற்றி, பின்னால் பொடி எழுத்தில் இருந்த 26 எழுத்து நம்பரைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்த தலைமுறை நாம்.

அந்த இரண்டு சம்பவத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். தவறு எந்தத் தொழிற்சாலையில், எந்த மாதத்தில் என்று கண்டுபிடிக்க முடிந்தது. பொருளைத் திருப்பிக் கொடுக்க ஒரு முகவரி இருந்தது.

காவல் இல்லாத குழாய்

இன்றைய இ-சிகரெட்டுக்குக் காரணகர்த்தா ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். 2003-ல் வடிவமைத்தார், அடுத்த ஆண்டு சீனாவில் விற்பனைக்கு வந்தது. முதலில் வந்தவை சிகரெட் அளவிலேயே இருந்தன. உள்ளே சின்ன பேட்டரி, நாலு இழுப்பு இழுத்தால் சார்ஜ் காலி.

புகை போதவில்லை என்றார்கள் பயனாளிகள். 2008 வாக்கில் பிரிட்டனில் சிலர் டார்ச் லைட் உறையை எடுத்து, பல்பு இருந்த இடத்தில் காயிலைப் பொருத்திப் பெரிய செல்லைப் போட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்து 'மாட்' என்ற வகை பிறந்தது. அதில் இரண்டு ஜாதி. ஒன்றில் உள்ளே ஒரு சிப் இருக்கும், வாட்ஸ் எவ்வளவு என்று அது பார்த்துக்கொள்ளும். இன்னொன்று மெக்கானிக்கல் மாட். ஒரு உலோகக் குழாய், ஒரு பட்டன், ஒரு செல், ஒரு காயில். அவ்வளவுதான். போர்டு இல்லை, ஃபியூஸ் இல்லை. யோஷினோ காலத்திலிருந்து பார்த்துப் பார்த்து வைத்த வெளிக்காவல் மொத்தமும் போய், செல் மட்டும் வாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. வாயு வெளியேற வழியில்லாத குழாயில் செல் தறிகெட்டால் அந்தக் குழாய் குண்டுக்குச் சமம்.

இதில் கணக்கு பத்தாம் வகுப்பு ஓம் விதிதான். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட். காயில் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர். புகை அதிகம் வேண்டும் என்று ஓமைக் குறைத்துக்கொண்டே போனார்கள்.

இப்போது செல்லைப் பாருங்கள். லேப்டாப்புக்கென்று செய்த செல் நிறைய சார்ஜ் பிடிக்கும், மெதுவாகக் கொடுக்கும். 3,400 எம்.ஏ.ஹெச். ரகச் செல் ஒன்றிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியது ஏழு ஆம்பியருக்குள்தான். டிரில் மெஷின் போன்றவற்றுக்குச் செய்த செல் குறைவாகப் பிடிக்கும், வேகமாகக் கொடுக்கும். சாம்சங்கின் 25ஆர் 2,500 எம்.ஏ.ஹெச்., 20 ஆம்பியர். ஒரே உருளைக்குள் இரண்டையும் சேர்த்து அதிகமாக வைக்க முடியாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி, இரண்டும் ஒரே குழாயில் கச்சிதமாகப் பொருந்தும். ஏழு ஆம்பியர் செல்லிடம் 21 ஆம்பியர் கேட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். இன்னொரு விஷயம், முன்பு சொன்ன கரண்ட் அடைக்கும் வளையம் அதிக ஆம்பியர் செல்களில் பெரும்பாலும் இருக்காது. கரண்ட் தடையில்லாமல் வரவேண்டும் என்பதற்காக அதைச் சேர்ப்பதில்லை.

சாவிக்கொத்தும் சில்லறையும்

வேப் பேட்டரி என்றால் வாயில் வெடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நடந்திருக்கிறது. 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சஸில் 24 வயது இளைஞர் ஒருவரும் அப்படித்தான் இறந்தார்கள். ஆனால் அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தால் வேறொரு கணக்கும் தெரிகிறது. 2009 முதல் 2016 வரை அங்கே பதிவான சம்பவங்கள் 195. அதில் வாயில் வைத்தபோதோ கையில் பயன்படுத்தும்போதோ நடந்தவை 60. சார்ஜ் போடும்போது 48. சும்மா வைத்திருந்தபோது 18. பேன்ட் பாக்கெட்டில் இருந்தபோது நடந்தவை 61!

பாக்கெட்டில் அப்படி என்ன இருக்கிறது? சாவிக்கொத்தும் சில்லறையும்தான். 18650 செல்லின் அடிப்பாகம் மட்டும் நெகட்டிவ் இல்லை, உலோக உடம்பு முழுவதுமே நெகட்டிவ். மேலே நடுவில் பொத்தான் மாதிரி இருப்பது பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய காப்பு வளையமும், உடம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறையும்தான் தடுப்பு. மேல்விளிம்பில் உறை கிழிந்த இடத்தில் ஒரு சாவி படுத்தால் போதும், முழு ஷார்ட்.

எவ்வளவு சக்தி என்று கேட்டால், 2,500 எம்.ஏ.ஹெச். செல் ஒன்றில் உள்ளது சுமார் 33,000 ஜூல். ஒரு காபி டம்ளரில் 100 மில்லி தண்ணீர் எடுத்து அதைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அது தொடைக்குப் பக்கத்தில் சில நொடிகளில் வெளிப்பட்டால்? திரவம் எரியும் சூடு தனி.

2021 ஜனவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. 18650 செல்கள் தொழிற்சாலைகளில் பேட்டரி பெட்டிக்குள் வைப்பதற்காகச் செய்யப்படும் உதிரிப் பாகங்கள். தனித்தனியாகப் பொதுமக்களுக்கு விற்க அவை செய்யப்படவில்லை. ஆனால் பிரித்தெடுத்து, புது உறை போட்டு விற்கிறார்கள், வாங்காதீர்கள் என்பது சாரம். வேப் மட்டுமல்ல, டார்ச், பொம்மைகள் பெயரும் அதில் இருந்தது.

மருமகனின் கேள்விக்குப் பதில் இதுதான். எந்த 18650 சேஃப் என்று கேட்டால், பெட்டிக்குள் இருக்கும் 18650 சேஃப். கையில் தனியாக இருக்கும்போது காவல் காக்க வேண்டியது நீ. அதைச் செய்ய முடியுமா என்று பார்த்துக்கொள்.

மாப்ளேவுக்கு எழுதிய பட்டியல்

1. முதல் யோசனை, விட்டுவிடு. நிகோட்டின் அடிமையாக்கும். பேட்டரி எவ்வளவு சேஃப் ஆனாலும் அது மாறாது. நீ இருக்கும் ஊரில் பழக்கத்தை விட அரசாங்க மருத்துவத்திலேயே உதவி உண்டு.

2. விடும்வரை மெக்கானிக்கல் மாட் பக்கம் போகாதே. சிப் உள்ளதாக, செல்லைக் கழற்றாமல் கருவியிலேயே சார்ஜ் ஆகிற, நல்ல கம்பெனிக் கருவியாக இருக்கட்டும். அப்போது நீ செல்லைத் தொடவே வேண்டாம்.

3. செல் மாற்றும் கருவிதான் என்றால் முதலில் ஆம்பியரைப் பார், பிறகு எம்.ஏ.ஹெச். பார். சிப் உள்ள கருவிக்குக் கணக்கு: வாட்ஸை 3.2-ஆல் வகுத்து, மறுபடி 0.9-ஆல் வகு. ஒற்றைச் செல்லில் 80 வாட்ஸ் ஓட்டினால் கிட்டத்தட்ட 28 ஆம்பியர் வரும். 20 ஆம்பியர் செல்லுக்கு 55 வாட்ஸுக்கு மேல் கூடாது. உறையில் பெரிதாகப் போட்டிருக்கும் ஆம்பியர், ஓரிரு நொடிக்கான உச்ச அளவாக இருக்கலாம். தொடர்ந்து கொடுக்கும் அளவுதான் கணக்கு.

4. பெயரில் உள்ள எழுத்துகளைப் படி. ஐ.சி.ஆர். என்றால் கோபால்ட் வகை, சூட்டை அவ்வளவாகத் தாங்காது, இந்த வேலைக்கு வேண்டாம். ஐ.எம்.ஆர். மாங்கனீஸ் வகை, ஐ.என்.ஆர். நிக்கல் கலந்த வகை. இவை இரண்டும் மேல். மேல் என்றால் எரியவே எரியாது என்று அர்த்தம் இல்லை.

5. 18650-ல் 5,000, 9,800 என்று எம்.ஏ.ஹெச். போட்டிருந்தால் பொய். நல்ல கம்பெனிகளே 3,600-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. சமையலறைத் தராசில் வைத்துப் பார், 45 கிராமுக்கு வெகுவாகக் குறைந்தால் போலி. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்லுக்குப் புது உறை போட்டு விற்பதும் உண்டு. சரியான எடை இருந்தாலே அசல் என்று ஆகிவிடாது, ஆகவே செல் செய்த கம்பெனியின் பெயர் உள்ளதை, ரசீது தரும் கடையில் மட்டும் வாங்கு.

6. உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் பயன்படுத்தாதே. செல்லை வெளியே எடுத்தால் பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்கணும். பாக்கெட்டில் தனியாகப் போடவே கூடாது.

7. இரண்டு செல் போடும் கருவி என்றால் இரண்டும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடலாக, எப்போதும் ஜோடியாக ஓடி, ஜோடியாக சார்ஜ் ஆகட்டும். ஒன்று கிழம், ஒன்று புதுசு என்றால் கிழத்தின் பாடு திண்டாட்டம்.

8. தூங்கும்போதும் மெத்தை மேலும் சார்ஜ் போடாதே.

9. விமானத்தில் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 2015-லிருந்து சர்வதேச விதி. சரக்குப் பகுதியில் தீ பிடித்தால் பார்க்க ஆள் இல்லை. இந்தியாவுக்கு வரும்போது எதிலுமே கூடாது, காரணம் மேலே சொன்ன சட்டம்.

மோலி எனர்ஜியை மறக்கவில்லை. 1989-ல் எரிந்து நொடித்த அந்தக் கம்பெனி பல கை மாறித் தைவான்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதிக ஆம்பியர் 18650 வேண்டும் என்பவர்கள் இன்று நம்பித் தேடும் பெயர்களில் 'மோலிசெல்' ஒன்று. 2006-ல் தலைகுனிந்த சோனியின் செல்களும் அதே பட்டியலில் இடம்பிடித்தன. சோனி தன் பேட்டரித் தொழிலை 2017-ல் முராட்டாவுக்கு விற்றுவிட்டது. எரிந்தது ஏன் என்று தேடிக் கண்டுபிடித்த கம்பெனிகள் தேறின. பெயரில்லாத உறைக்கு அந்தப் பாடமும் இல்லை, படிக்க ஆளும் இல்லை.

நம் வீட்டு அலமாரியில்

நம் வீட்டில் யாரும் வேப் இழுக்கவில்லையே என்று இருந்துவிட வேண்டாம். செல் ஒன்றுதான், சட்டை மட்டும் வேறு. கழுத்தில் மாட்டும் சின்ன ஃபேன், கொசு பேட், ரோட்டோரம் விற்கும் சார்ஜ் டார்ச், பிராண்ட் இல்லாத பவர் பேங்க், பிள்ளைகளின் ரிமோட் கார். பலவற்றின் உள்ளே இதே உருளை இருக்கலாம், போர்டு இருக்கிறதா இல்லையா என்பது திறந்தால்தான் தெரியும்.

2022 மார்ச்சில் நான் இருக்கும் இதே புனேயில் ஒரு மின்சார ஸ்கூட்டர் நடுரோட்டில் எரிந்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே நாட்களில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, புகையில் ஒரு அப்பாவும் மகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மின்வண்டி பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த அதே வரிசை இங்கேயும்: முதலில் தீ, பிறகு காவல்.

நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உண்டு. பவர் பேங்க் வாங்கும்போது பி.ஐ.எஸ். குறியும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். லித்தியம் பேட்டரிகளுக்கு ஐ.எஸ். 16046 தரம் இங்கே கட்டாயம். உப்பிய பேட்டரியை, 'இன்னும் ஓடுதே' என்று ஓட்டாதீர்கள். பழசைக் குப்பைத் தொட்டியில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். ஊருக்குப் போகும்போது பவர் பேங்க்கைக் கைப்பையில் வையுங்கள். 20,000 எம்.ஏ.ஹெச். என்றால் 74 வாட் ஹவர், விமானத்தின் 100 எல்லைக்குள்தான்.

அப்படியும் ஏதாவது எரிந்தால் முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், அந்தப் புகை விஷம். சின்ன பேட்டரி என்றால், சுவர் பிளக்கிலிருந்து துண்டித்த பிறகு, தூர நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம், குளிர்விப்பதுதான் நோக்கம். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. மஞ்சள், பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். பேட்டரியால் பட்ட காயம் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் அடுத்த தடவை பேசும்போது, சாப்பிட்டியா தூங்கினியா என்பதோடு இதையும் கேட்டு வையுங்கள். பழக்கத்தைப் பற்றிக் கேட்டால் மழுப்புவான். 'தனி பேட்டரி எதுவும் பாக்கெட்டுல வெச்சிருக்கியா' என்று கேட்டால் ஒருவேளை உண்மையான பதில் கிடைக்கும்.